பெரிய வாப்பா அனுப்பிய தாவத்

அன்பு மகன்,

ஸலாம் உன்மீது உண்டாகட்டும். பதுளையிலிருந்து நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உன் கலியாண நிகாஹுக்குச் சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை ஒழுங்காக எழுதி, விட்டுப்போனவர்களை என்னைச் சேர்க்கச் சொல்லியிருந்தாய். கடைசியில், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தவன் போல, பென்சிலால் ஒரு வரி. "வெள்ளவத்தைப் பெரிய வாப்பாவுக்குச் சொல்ல வேண்டாமா? அவரோடு எங்களுக்கு என்ன கோபம்?" இத்தனை வருஷமாக நீ இதைக் கேட்டதில்லை. தன் கூடப்பிறந்த மூத்தவரான நானாவின் பேரை யாராவது எடுத்தால் வாப்பா எழுந்து போய்விடுவார் என்று உனக்குத் தெரியும். இப்போது வாப்பா இல்லை. நீ கேட்கிறாய். பதில் சொல்ல இந்த வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம். ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதிய வரி பொய்யாகப் போயிற்று. கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். அதிலும் பாதிதான் உண்மை. பிறகு நேற்று ஒரு காரியம் செய்தேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். சொல்லி முடித்த பிறகாவது எனக்கு விளங்குகிறதா பார்ப்போம்.

நீ வழக்கப்படி கண்டிக்குப் பெண் வீட்டோடு போகப்போகிறாய். நம்மவர்களில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். எனக்கு மட்டும் அது மாறி நடந்தது. எனக்குக் கொடுக்க என் வாப்பாவிடம் வீடு இல்லை. அதனால் நான் உன் வாப்பாவின் இந்தக் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தேன். அதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டியதில்லை. ஆனாலும் ஒரு கதிரையை இடம் மாற்றி வைப்பதென்றாலும், இது என் வீடில்லை என்ற நினைப்பு கைக்கு முன்னால் வந்து நிற்கும். வீடு உன் வாப்பாவுக்கும் அவருடைய நானாவுக்கும் சரிபாதி. நானா இளம் வயதிலேயே ஒரு இரத்தினக்கல் வியாபாரியோடு பம்பாய்க்குப் போய், அங்கேயே உருது பேசும் குடும்பத்தில் கலியாணமும் முடித்து, வருஷக்கணக்காக வராமலே இருந்துவிட்டார். மாமா, உன் வாப்பாவின் வாப்பா, மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு வீட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நாங்கள் இருந்தோம், அவ்வளவுதான்.

உனக்கு எட்டு வயதாக இருக்கும்போது பெரிய வாப்பா மனைவியோடு ஊருக்குத் திரும்பி, வெள்ளவத்தையில் கடல் பக்கம் போகும் ஒரு ஒழுங்கையில் குடியேறினார். பிள்ளைகள் இல்லை. முதல் தரம் இங்கே வந்த அன்று, தன் துருக்கித் தொப்பியைக் கழற்றி உன் தலையில் வைத்தார். அது உன் மூக்கு வரை இறங்கி நின்றது. நீ கண் தெரியாமல் தூணில் முட்ட, அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதெல்லாம் நல்லாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார், கூரைக் கைமரத்தை அண்ணாந்து பார்த்தார், கிணற்றடியில் வெகுநேரம் நின்றார். விறாந்தைக்கு வந்து உன் வாப்பாவிடம், "இத இப்பிடியே உட ஏலாது தம்பி. எழுத்துல ஒரு முடிவு வேணும்" என்றார். வாப்பா, "நீங்க செல்லுறதுதான் நானா" என்றார். நான் கதவுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்றேன். அன்றைக்கே அவருடைய மனைவி, பம்பாய் மதினி, என் குசினிக்குள் வந்து ஒவ்வொரு சட்டியின் மூடியையும் தூக்கித் தூக்கிப் பார்த்து, "இது என்ன? இது என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எண்ணிக் கணக்கெடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதத்தில், ஒரு திங்கட்கிழமை, அந்தக் கடிதம் வந்தது. மேலே விலாசம் இங்கிலீஷில், வாப்பாவின் பேருக்கு. உள்ளே அறபுத் தமிழ். தமிழை அறபு எழுத்தில் எழுதும் அந்த முறையை உனக்கு நான் பழக்கவில்லை. அது என் பிழைதான். உன் வாப்பாவையும் ஓதல் பள்ளியை விட்டு நிறுத்திச் சின்னதிலேயே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மனப்பாடமான குர்ஆன் சூறாக்களைத் தவிர, அந்த எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாது. அவர் கந்தோர் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றியதும் கடிதத்தை உடைத்து என்னிடம் தந்தார். நான் நின்றபடியே வாசித்தேன். இன்றைக்கும் அது எனக்கு வரிக்கு வரி பாடம். "தம்பிக்கு நானா எழுதுவது. வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி தாவா வைத்திருக்கிறேன். நீ கட்டாயம் வந்து நிற்க வேண்டும். வீட்டு விஷயத்தையும் அன்றைக்கே நாலு பேர் முன்னிலையில் முடித்துவிடுவோம். இனியும் தள்ளிப்போட எனக்கு விருப்பமில்லை."

தாவா என்றால் வழக்கு. கோடு கச்சேரி என்று வழக்காடப் போய்வருகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல். ஆனால் அந்தச் சொல்லுக்கு வந்தபோது என் நாக்கு ஒரு கணம் நின்றது. முதலில் தயங்கினேன், பிறகுதான் சொன்னேன். அந்த ஒரு கணத்தைத்தான் நான் பதினெட்டு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

வாப்பா கேட்டார், "என்ன வெச்சீக்கிறாராம்?"

"தாவா. வழக்கு."

"நானாவா? எனக்கு மேலயா?"

"அப்பிடித்தான் எழுதி ஈக்கிது."

"திரும்ப வாசி."

இரண்டாம் தரம் நான் தயங்கவில்லை. மகன், இதைக் கவனி. முதல் தரம் எனக்குச் சந்தேகம் இருந்தது. இரண்டாம் தரம் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் கடிதம் மாறவில்லை. வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். வழக்கு வைக்கிற மனுசன் ஏன் தானே கடிதம் எழுதித் தேதி சொல்ல வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். வாப்பாவே அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தார். "கோட்டால கடதாசி வாறதுக்கு முந்தி, தம்பி எண்டு தானே சொல்லுறார். அந்த மட்டும் மரியாதை" என்றார். எனக்குப் பயம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், பயத்தோடு கூட ஒரு நிம்மதியும் வந்தது. நான் பயந்ததுதான் நடக்கிறது, நான் நினைத்தது சரிதான் என்கிற மாதிரி ஒரு நிம்மதி. இதை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் வாப்பா கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டுப் புதுக்கடைக்குப் போனார். அங்கே கோட்டு வழக்குகள் பார்க்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் புரொக்டர் அவருக்கு அறிமுகம். கடிதத்தை அவரிடம் நீட்டினாராம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்த எழுத்து எனக்கு விளங்காது. என்ன எழுதியிருக்கெண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றாராம். வாப்பா நான் வாசித்ததைச் சொன்னார். அந்த மனுசன் நல்லவர். "கூடப் பிறந்தவர்தானே. ஒருக்கால் நேரிலை போய்க் கேட்டுப் பாருங்கோவன்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். வாப்பா, "அவர் நேர்ல வந்து சொல்லல்லயே, நான் என்னத்துக்குப் போக" என்றாராம். பிறகு புரொக்டர் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். வீட்டின்மேல் தாங்கள் கொண்டாடும் உரிமையை எங்கள் கட்சிக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, இனிமேல் எதுவானாலும் எங்கள் மூலமாகத்தான் என்று. அதன் பிரதியை வாப்பா எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். கேட்க நன்றாக இருந்தது. நம் பக்கத்திலும் பேச ஒரு ஆள் இருக்கிறார் என்று இருந்தது.

சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது. கோட்டிலிருந்து ஒரு கடதாசியும் வரவில்லை. வாப்பா ஜும்ஆவுக்குப் போய்வந்து, சாப்பிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று என்ன நடந்தது என்று நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே, நொத்தாரிசு எழுதிய உறுதிப் பத்திரம். இந்த வீட்டில் தனக்குள்ள பாதியைப் பெரிய வாப்பா தன் தம்பிக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்திருந்தார். கூட ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. வாப்பா விறாந்தையில் நின்று அதை வரி வரியாகச் சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்னார். வாசித்து முடித்து, "பாத்தியா, புரொக்டர்ட ஒரு கடதாசிக்கே நானா இறங்கிட்டார்" என்றார். அந்த வாரம் பள்ளிவாசலிலும் அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்.

ஆனால் அவர் வாசித்ததில் ஒரு தேதி இருந்தது, மகன். உறுதியில் பெரிய வாப்பா கையெழுத்து வைத்த தேதி. நான் விரல் விட்டு எண்ணினேன். அது, அந்தக் கடிதம் நம் வீட்டுக்கு வருவதற்கு நாலு நாள் முந்திய தேதி. புரொக்டரின் கடிதத்துக்குப் பயந்து எழுதிய உறுதி இல்லை அது. எங்களைக் கூப்பிடுவதற்கு முதலே எழுதி வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார். வாப்பா கந்தோருக்குப் போன பிறகு அலுமாரியைத் திறந்து, பழைய கடிதத்தை எடுத்து, யன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அந்தச் சொல்லின் கடைசி எழுத்து சின்னத் தோணி மாதிரி இருந்தது. அது 'தே', 'த்' என்று ஒலிக்கும் அறபு எழுத்து. அதன் தலையில் இரண்டு புள்ளி இருக்க வேண்டும். கை வேகமாக எழுதுகிறவர்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கோடாக இழுத்துவிடுவார்கள். குர்ஆன் ஓதிப் பழகிய என் கண்ணுக்கு, எழுத்தின் மேலே ஒரு சின்னக் கோடு என்றால் 'ஆ' என்று நீட்ட வேண்டும். தாவா என்ற சொல்லும் புள்ளியில்லாத அப்படியொரு வளைந்த எழுத்தில்தான் முடியும். அப்படித்தான் நீட்டியிருக்கிறேன். அது தாவா இல்லை. தாவத். விருந்துக்கு அழைப்பு. "வெள்ளிக்கிழமை தாவத் வைத்திருக்கிறேன், நீ கட்டாயம் வர வேண்டும்." தம்பியை ஊரார் முன்னால் உட்கார வைத்து, சோறு போட்டு, உறுதியைக் கையில் கொடுக்க நினைத்திருக்கிறார்.

அன்று பின்னேரமே வாப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். அவர் சந்தோஷமாக வந்தார். உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "இது முழுக்க எங்கட வீடு" என்றார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் அவர் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன், "என்ன?" என்று கேட்டார்; வெந்நீர் போதுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். ஒரு வாரம் போனால் ஏன் ஒரு வாரம் சொல்லவில்லை என்பார். ஒரு வருஷம் போனால் சொல்லவே முடியாது. பிழையாக வாசித்தது பாவமா இல்லையா எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு வாய் மூடி இருந்தது பாவம்தான். அதில் எனக்குக் குழப்பமில்லை. குழப்பம் வேறொரு இடத்தில். அந்தத் தேதியை வாசிக்கும்போது உன் வாப்பாவின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. நின்று, திரும்ப எடுத்து வாசித்தார். அவர் கந்தோர்க்காரர், தேதி பார்க்காமல் ஒரு கடதாசியும் கையில் எடுக்காதவர். அவருக்கும் விளங்கியிருக்குமோ? விளங்கித்தான் அவ்வளவு சத்தமாக ஊரெல்லாம் சொன்னாரோ? நான் சொல்லட்டும் என்று அவரும், அவர் கேட்கட்டும் என்று நானும் இருந்தோமோ? பதினேழு வருஷம் ஒரே பாயில் படுத்தும் எனக்கு அது தெரியவில்லை.

சண்டைக் காலத்தில் ஜப்பான் குண்டுக்குப் பயந்து கொழும்பு பாதி காலியானபோது, வெள்ளவத்தைக்காரர் எங்கே போனார்களோ என்று வாப்பா ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னார். கடைசியாக நோய் வருத்தத்தில் கிடந்தபோது, "நானா இப்ப நடமாடுறாரோ என்னவோ" என்றார். "ஆள் அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, "வேணாம்" என்றார். அந்த வெகுநேரத்துக்குள் நான் சொல்லியிருக்கலாம். வாப்பா மவுத்தான அன்று பெரிய வாப்பா வந்ததை நீ பார்த்தாய். வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிய முதல் நாலு தோள்களில் ஒன்று அவருடையது. உன்னிடம் ஸலாம் சொன்னார், வீட்டுக்குள் வரவில்லை.

இனி நேற்று நடந்தது. தனியாகப் போனதற்கு நீ கோபிப்பாய். ரிக்‌ஷாவில் கோட்டை ஸ்டேஷனுக்குப் போய், கடலோர ரயிலில் வெள்ளவத்தையில் இறங்கி, விசாரித்துப் போனேன். கையில் அந்தப் பழைய கடிதம். கதவைத் திறந்தது மதினி. தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். பெரிய வாப்பா அஸர் தொழப் போயிருந்தார். கதிரையில் உட்கார்ந்ததும், தைரியம் போவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று கடிதத்தை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"இத நான்தான் எழுதினேன்" என்றாள்.

"நீங்களா? உங்கட அவர், மச்சான், எழுதல்லயா?"

"அவர் சொன்னார், நான் எழுதினேன். 'தம்பிக்கு இந்த எழுத்து வராது, தம்பிட பொஞ்சாதி வாசிப்பா. நீ எழுது, அவ வாசிக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் பழகினமாதிரி இருக்கும்' எண்டார். எழுத்து எங்கட உருது எழுத்து மாதிரித்தான், ஆனா எனக்குத் தமிழ் அப்ப சரியா வராது. உங்கட குசினியில கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினது கொஞ்சம்." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அண்டைக்கு எல்லாரும் வந்தாங்க. சேந்து சாப்பிடுற பெரிய சஹன் தட்டுகள்ல சோறு வெச்சாச்சு. தம்பிக்கு இவர் பக்கத்தில இடம் விட்டிருந்தார். அந்த நேரம் தபால்காரன் புரொக்டர்ட கடதாசிய கொண்டுவந்தான். இவர் வாசிச்சுப் போட்டு மடிச்சு சட்டைப் பைக்குள்ள வெச்சார். எல்லாரையும் சாப்பிடச் சொன்னார். ராவைக்கு எங்கிட்ட கேட்டார், நீ என்ன எழுதின எண்டு. நீங்க சொன்னதுதான் எண்டேன். ஆனா எனக்கே நம்பிக்கை இல்ல. எண்ட தமிழ்ல ஏதோ கெட்ட சொல்லு உழுந்திட்டு, அதாலதான் தம்பி கோவிச்சிட்டார் எண்டு இவ்வளவு காலமும் பயந்துகொண்டு இருக்கிறேன்."

நான் அந்தச் சொல்லில் விரலை வைத்து, நான் வாசித்த விதத்தைச் சொன்னேன். அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. நான் "தாவா, கோடு, வழக்கு" என்றதும் கடிதத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "அறபிகள் இதை வட்டத் தே போட்டு முடிப்பாங்க. நாங்க தோணி மாதிரி விடுவோம்" என்றாள். "எண்ட வாப்பா பார்ஸி பாசை படிச்சுக் குடுத்தவர். பார்ஸிக்காரனுக்கும் தாவத், எங்கட உருதுலயும் தாவத், துருக்கிக்காரன் தாவெத் எண்டு சொல்லுவான். எங்க போனாலும் இந்தச் சொல்லுக்குச் சோறுதான் தங்கச்சி. உங்கட வீட்டுலதான் அது கோட்டுக்குப் போயிருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன். புள்ளியைக் கோடாக இழுத்தவள் பிழையா, நீட்டி வாசித்தவள் பிழையா, எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவள் தன்னுடையது என்றாள், நான் என்னுடையது என்றேன். பிழைக்குச் சண்டை பிடித்த மாதிரி இருந்தது.

பெரிய வாப்பா வந்தார். தடி ஊன்றி நடக்கிறார். மதினிதான் சொன்னாள், அவள் விட்ட இடத்தை நான் சொன்னேன். தேதியைப் பார்த்து எனக்கு விளங்கியதையும், விளங்கியும் சொல்லாமல் இருந்ததையும் மறைக்கவில்லை. "கோவத்தோட கோவமா உறுதிய ஏன் அனுப்பினீங்க மச்சான்?" என்று கேட்டேன். "குடுக்கிறதெண்டு எழுதியாச்சு. கோவத்துக்காக எடுக்கிறதா?" என்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப அவன் மவுத்தாகும் மட்டும், நானா கோட்டுக்கு இழுத்தான் எண்டு நெனச்சுக்கொண்டே போயிட்டான்" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். மதினி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். எனக்கு இறங்காது என்று சொல்லி வெளிக்கிட்டேன்.

ஸ்டேஷனில் வந்து நின்ற பிறகுதான் நான் செய்தது விளங்கியது. உன் வாப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்குத் தெரியாது என்றுதான் நான் சொன்னேன். தம்பிக்குத் தெரியாது என்று பெரிய வாப்பா எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. இப்படி விட்டால் நல்லதுதானே என்று ஒரு மனம் சொன்னது. தம்பி ஒன்றும் அறியாமல் போனான் என்று நினைத்தால் அவருக்குத் துக்கம் மட்டும்தான். தெரிந்தும் வராமல் இருந்திருப்பான் என்றால் அது வேறு மாதிரி வலிக்கும். வயதுபோன மனுசன். எதற்கு? ரயில் வந்தது. ஏறும் படியில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன். ரயில் போய்விட்டது. நான் திரும்பி நடந்தேன்.

இந்த முறை கதவைத் திறந்தது அவரே. வாசலிலேயே நின்று சொன்னேன். "மச்சான், நான் தெரியாது எண்டது, எனக்குத் தெரியாது எண்டுதான். அவருக்கு வெளங்கியும் இருக்கலாம். உறுதியில தேதிய வாசிக்கக்குள்ள கொஞ்சம் நிண்டார். எனக்குச் சரியாச் சொல்ல ஏலா." அவர் தடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன்.

"தேதிய பாத்திருப்பான்" என்றார் கடைசியில். "அவனுக்கு வெளங்கியிருக்கும். சின்னதுல இருந்தே அப்பிடித்தான் புள்ள. பிழை விட்டிட்டா, அது பிழையெண்டு தெரிஞ்சாலும் கிட்ட வரமாட்டான். மூலைக்குள்ள போய் நிண்டுகொள்ளுவான். நான்தான் போய்க் கையப் புடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறது. எப்பவும் நான்தான் போறது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இந்த முறை நான் போகல்ல. அவன் வரட்டும் எண்டு இருந்திட்டேன். எனக்குத் தெரியும், அவன் வரமாட்டான் எண்டு. தெரிஞ்சும் இருந்தேன்."

பிறகு உன் நிகாஹ் எப்போது என்று கேட்டார். சொன்னேன். கண்டியில் எந்தப் பள்ளிவாசல் என்று கேட்டார், சொன்னேன். வருவேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மதினி உள்ளே இருந்து வந்து, ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போனாள்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், மகன். கலியாணம் முடிக்கப் போகிற பிள்ளைக்குத் தாய் ஏதாவது சொல்ல வேண்டுமே. ஆனால் என்ன சொல்வதென்று எனக்குத் தெளிவில்லை. உன் பெண்சாதி ஒன்றை வாசித்துச் சொன்னால் அவளை நம்பு. ஆனால் அவள் ஒரு சொல்லில் தயங்கினால், பக்கத்தில் போய் உட்கார்ந்து நீயும் பார். பயத்தோடு இருப்பவளிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்காதே. உன் வாப்பாவை நான் குறை சொல்லவில்லை. சொல்கிறேனோ? அதுவும் எனக்குத் தெரியவில்லை. வீடு இல்லாமல் வந்தவள் என்று என்னை யாரும் சொல்லவில்லை, நானேதான் சொல்லிக்கொண்டேன். அதற்கு யாரைப் பிடிப்பது?

பேர்ப் பட்டியலில் அவருடைய பேரை நான் எழுதவில்லை. அதற்கு எனக்குக் கை வரவில்லை. நீ எழுதுவதும் போதாது. அடுத்த மாதம் லீவில் இறங்கும்போது நேரே கொட்டாஞ்சேனைக்கு வராதே. மருதானையில் ரயில் மாறி வெள்ளவத்தைக்குப் போ. பின்னேரங்களில் அவர் விறாந்தையில்தான் இருப்பார். உன் வாப்பாவுக்காகவோ எனக்காகவோ ஒன்றும் பேசாதே; அவர் ஏசினால் கேட்டுக்கொள். காது கொஞ்சம் மந்தம், அதனால் கிட்டப் போய்ச் சத்தமாக நிகாஹுக்கு வரச் சொல்லிக் கூப்பிடு. கூப்பிட்டுவிட்டு உடனே எழுந்து வந்துவிடாதே. எவ்வளவு நேரம் ஆனாலும் இருந்து, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வா. நீ பிந்தினால் நான் தேடமாட்டேன்.

உன் உம்மா